தரகர், நிருபர், ஆலோசகர்: சாய்நாத்தை முதுகுளத்தூரிலிருந்து வாசித்தல்

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஒரு மிரட்டல் வாக்கியம் உண்டு: ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்.’ அந்தக் காடு வேறெங்கும் இல்லை, எங்கள் ராமநாதபுரம் மாவட்டம்தான். சினிமாவில் மந்திரி போலீஸ்காரரை மிரட்டும்போதும் இதே வசனம்தான். ஒரு நிலப்பரப்பு தண்டனை என்பதாக அர்த்தப்படுத்தப்பட்டுவிட்ட பிறகு, அங்கேயே பிறந்து கிடக்கிறவன் எதற்கான தண்டனையை அனுபவிக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. முதுகுளத்தூருக்கு மாற்றலாகி வருகிற அதிகாரி வந்த வாரத்திலேயே திரும்பிப் போவதற்கு ஆள் பிடிக்க ஆரம்பித்துவிடுகிறார். இந்த மண்ணைப் பற்றிய அரசாங்கக் கோப்புகள் பலவும் போகப்போகிறவர்களால் எழுதப்பட்டவை.

யாரும் மாற்றாமல், 1993 வாக்கில் தானாக இந்தக் காட்டுக்கு வந்துசேர்ந்த ஒரு நிருபரைப் பற்றி எழுதப் போகிறேன். அவர் பின்னால் அரசுகள் காதுகொடுத்துக் கேட்க வேண்டிய ஆளாகவும் ஆனார். இந்த இரண்டு வேஷமும் ஒன்றுக்கொன்று என்ன உறவில் இருக்கின்றன என்பதுதான் என்னுடைய கேள்வி.

பி. சாய்நாத் 1957ல் சென்னையில் பிறந்தவர். ஜனாதிபதியாக இருந்த வி.வி. கிரியின் பேரன். லயோலா கல்லூரி, ஜே.என்.யு.வில் வரலாறு, 1980ல் யு.என்.ஐ. செய்தி நிறுவனம், அப்புறம் பம்பாயில் கராஞ்சியாவின் ‘பிளிட்ஸ்’ வார ஏட்டில் பத்து வருஷம். இந்த வரிசைப்படியே போயிருந்தால் டெல்லியில் ஒரு பெரிய பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியவர். 1991ல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்து, பத்திரிகைகளெல்லாம் பங்குச்சந்தைக்குத் தனிப் பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களுக்குப் போய் எழுதுகிறேன் என்று ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’ ஆய்வுதவிக்கு விண்ணப்பித்தார். வாசகர்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லையே என்று நேர்காணலில் கேட்டார்களாம். வாசகர் சார்பாகப் பேசுகிறீர்களே, கடைசியாக எப்போது ஒரு வாசகரைச் சந்தித்தீர்கள் என்று இவர் திருப்பிக் கேட்டாராம். ‘வாசகன்’ என்கிற பெயரில் கட்டமைக்கப்படுவது உண்மையில் விளம்பரதாரன் என்பதைச் சொல்ல இங்கே நாம் பத்துப் பக்கம் கோட்பாடு எழுதுவோம். அவருக்கு ஒரு கேள்வி போதுமானதாக இருந்திருக்கிறது.

ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், தமிழ்நாடு. இங்கிருந்து தேர்ந்தவை ராமநாதபுரமும் புதுக்கோட்டையும். கிட்டத்தட்ட ஒரு லட்சம் கிலோமீட்டர் அலைந்திருக்கிறார், அதில் 5,000 கிலோமீட்டர் நடை. வெளிவந்த 84 கட்டுரைகளில் பலவற்றைச் சேர்த்து 1996ல் பெங்குவின் புத்தகமாகப் போட்டது. தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘நல்ல வறட்சி என்றால் எல்லோருக்கும் கொள்ளைப் பிரியம்’ என்று வரும்.

தமிழ் இலக்கிய வட்டாரம் இந்தப் புத்தகத்தைப் பிரதியாக வாசித்ததாக எனக்குத் தெரியவில்லை. இங்கிலீஷில் இருப்பது ஒரு காரணம். முக்கியமான காரணம், நாம் இதை ‘செய்தி’ என்று ஒதுக்கிவிட்டோம். செய்திக்கும் இலக்கியத்துக்கும் நடுவில் நாம் போட்டு வைத்திருக்கிற கோடு ரொம்பக் கறாரானது. கரிசல் காட்டின் பஞ்சத்தைக் கதையாக எழுதினால் விமர்சிப்போம், பஞ்ச நிவாரணத்தில் போன ரூபாயை எழுதினால் அது பேப்பர்க்காரன் வேலை. ஆனால் கதையாடலின் உத்தி என்று பார்த்தால் சாய்நாத்திடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நுவாபடா பக்கத்தில் பால் பெருக்குகிற திட்டம் வருகிறது. ஜெர்சிக் கலப்பினம் கெடாமல் இருக்க உள்ளூர்க் காளைகளுக்கெல்லாம் காயடிக்கிறார்கள். 2 கோடி ரூபாய் செலவான பிறகு மிஞ்சியது எட்டே எட்டுக் கலப்பினக் கன்று. கூடுதலாக ஒரு லிட்டர் பாலும் கிடையாது. அந்த வட்டாரத்தின் நல்ல நாட்டுமாட்டு இனம் காணாமல் போய்விட்டது. இன்னொரு இடத்தில் ஒரு பழங்குடியின் பெயரை குமாஸ்தா எழுத்துப் பிழையோடு எழுதிவிட, அந்த மக்கள் பட்டியலிலிருந்தே விழுந்துவிடுகிறார்கள். கோராபுட்டில் சிக்காபார் என்கிற ஊரை போர்விமானத் தொழிற்சாலைக்காகக் காலி பண்ணுகிறார்கள். ஜனங்கள் வேறிடத்தில் அதே பெயரில் ஊர் கட்டினால், அங்கிருந்தும் கிளப்புகிறார்கள். இவை எதிலும் வில்லன் கிடையாது. கோப்பு இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, நல்லெண்ணம்கூட இருக்கிறது.

இவருடைய அடிப்படை வாதம் ஒன்றுதான். வறுமையைப் பத்திரிகை ஒரு நிகழ்வாகப் பார்க்கிறது, அது ஒரு நடைமுறை என்கிறார். பட்டினிச் சாவு நிகழ்ந்தால் நிருபர் வருவார், மந்திரி வருவார், ஹெலிகாப்டர் வரும். சாவுக்கு முந்தின இருபது வருஷம் செய்தி ஆகாது. வறட்சியை வைத்து இதை அவர் காட்டுகிற விதம் அலாதியானது. காளஹண்டியில் வருஷ மழை 1,000 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்குவது அபூர்வம். எங்கள் ராமநாதபுரத்தில் சராசரியே சுமார் 820 மில்லிமீட்டர்தான். ஆனால் இந்தியா முழுக்க வறட்சிக்கு உதாரணமாகக் காட்டப்பட்டது காளஹண்டி. ஆக வறட்சி என்பது வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. வறட்சிப் பகுதி என்று அறிவிக்கப்பட்டால் பணம் வரும். ரோடு போடுகிறவன், லாரியில் தண்ணி அடிக்கிறவன், கமிஷன் பார்க்கிறவன் எல்லோருக்கும் அது மூன்றாம் போகம். பலாமு பக்கத்து ஜனங்கள் அதை அப்படித்தான் அழைத்தார்கள் என்று எழுதுகிறார்.

ராமநாதபுரம் பற்றிய கட்டுரைகளில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது மிளகாய்த் தரகர் பற்றினது. தலைப்பிலேயே ‘தரகர்’ என்கிற தமிழ்ச் சொல்லை அப்படியே இங்கிலீஷில் வைத்து, அதன் பக்கத்தில் கொடுங்கோன்மை என்று பொருள்படுகிற சொல்லைப் போட்டிருக்கிறார். எதுகை மோனைக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

வெளியூர் வாசகர்களுக்காக இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் விவரிக்கிறேன். முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரத்தில் குண்டு மிளகாய் போடுகிறவர்கள் ஐப்பசி மழையை நம்பித்தான் போடுகிறார்கள். மழை ஒத்துழைத்தால் மாசி, பங்குனியில் பழம் பறிக்கலாம், களத்தில் காயப்போட்டு வத்தலாக்கலாம். இந்த ஐந்தாறு மாசத்துக்கு விதைக்கு, களையெடுப்புக்கு, மருந்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, தீபாவளிக்குப் பணம் வேண்டும். பேங்குக்குப் போனால் பத்திரம், சிட்டா, அடங்கல். கமிஷன் கடைக்குப் போனால் ஒரு சொல் போதும். அந்தச் சொல் இதுதான்: விளைந்த வத்தலை உங்கள் கடைக்கே கொண்டுவருகிறேன். அன்றைக்கே விலை பேசும் உரிமை போய்விட்டது. அறுப்புக் காலத்தில் மூட்டை கடைக்கு வந்ததும் சாம்பிள் என்று ஒரு அள்ளு, சாக்கு எடைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, கமிஷன், பிறகு வட்டி. விலையைத் தரகரும் வாங்குகிறவரும் தீர்மானிப்பார்கள். விளைவித்தவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார், அவ்வளவுதான். கடனும் அடையாது, உறவும் அறாது. அடுத்த ஐப்பசிக்கும் அதே கடை.

சாய்நாத் இதை வட்டிக் கொடுமை என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. கடனும் விற்பனையும் ஒரே கயிற்றின் இரண்டு முனை, அந்தக் கயிற்றைத் தரகர் பிடித்திருக்கிறார் என்பதைக் கண்டுகொண்டார். என் வட்டாரத்தைப் பற்றி நான் பாடப்புத்தகத்தில் படித்தது ‘வானம் பார்த்த பூமி’ என்கிற ஒரே அடைமொழி. எம்.ஏ. வகுப்பில் பாலைத் திணையைப் பற்றி எத்தனையோ மணிநேரம் பேசியிருக்கிறோம், அந்தப் பாலையில் எடைபோடுகிற தராசு யார் கையில் இருக்கிறது என்று பேசினதில்லை. சாய்நாத்தின் கட்டுரை எனக்குச் செய்த காரியம் அது.

ஆனால் ‘கொடுங்கோன்மை’ என்கிற அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இங்கிலீஷ் வாசகன் அந்தத் தலைப்பைப் பார்த்ததும் மீசை முறுக்கிய ஒரு ஆளை மனசில் வரைந்துகொள்வான். எங்களூரில் தரகர் அப்படி நடமாடுவதில்லை. அவர் கல்யாணத்துக்கு மொய் செய்வார், சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார், ராத்திரி பிரசவ வலி என்றால் வண்டி அனுப்புவார். ‘மொதலாளி தயவுலதான் ஓடுது’ என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. இங்கே அதிகாரம் தயவாகத்தான் செயல்படுகிறது. ஒடுக்குகிறது என்பதோடு அது உறவை, நன்றியை, கூச்சத்தை உற்பத்தி பண்ணுகிறது. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தயவைக் கொடுங்கோன்மை என்று மொழிபெயர்த்தவுடன் கோபம் கிடைக்கிறது. ஏன் ஜனங்கள் மறுபடி மறுபடி அந்தக் கடைக்கே போகிறார்கள் என்கிற விஷயம் கைநழுவுகிறது.

பனையேறி பற்றிய கட்டுரையிலும் இதே பிரச்சினை. ஒருவர் ஒரு நாளில் ஏறி இறங்குகிற உயரத்தையெல்லாம் கூட்டி, எத்தனை மாடிக் கட்டடத்துக்குச் சமம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். பிரமாதமான கணக்கு. லிஃப்ட்டில் போகிறவனுக்கான கணக்கும்கூட. பனையேறிக்கு அந்தக் கட்டடம் தேவையில்லை. கருப்பட்டி வியாபாரியிடம் வாங்கின முன்பணம்தான் அவருக்குத் தலைக்கு மேலே நிற்கிற மரம்.

தயவு யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதைத் தீர்மானிப்பதில் சாதிக்குப் பெரிய கை இருக்கிறது. முதுகுளத்தூர் என்றால் வெளியில் தெரிவது 1957. அந்த வருஷம் செப்டம்பர் 11ல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். மூன்று நாளில் கீழத்தூவலில் போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். 2011ல் அதே செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிக்கு ஆறு தலித்துகள் பலியானார்கள். கா.அ. மணிக்குமார் 2017ல் முதுகுளத்தூர் பற்றி எழுதின இங்கிலீஷ் நூல் சாதியையும் தேர்தல் அரசியலையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறது. ஆனால் மிளகாய்க் கடையின் நோட்டையும் 1957ஐயும் சேர்த்து வாசிக்கிற வேலை இன்னும் பாக்கி. சாய்நாத்துக்கு சாதி தெரியாது என்று நான் சொல்லவில்லை. ‘தி இந்து’வில் தலித் வாழ்க்கை பற்றி அவர் எழுதிய தொடர் பெரிய காரியம், அதற்காக 2000ல் ஆம்னஸ்டி இண்டர்நேஷனலின் பரிசும் வந்தது. என் குறை வேறு. தரகரைப் பற்றின கட்டுரையும் சாதியைப் பற்றின கட்டுரையும் அவரிடம் தனித்தனிக் கட்டுரைகளாக இருக்கின்றன. எங்கள் தெருவில் அவை ஒரே கட்டுரை.

புதுக்கோட்டை பற்றி அவர் எழுதியது நேர்மாறான தொனியில் இருக்கும். அறிவொளி இயக்கத்தில் 1991, 92 வாக்கில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதை அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறார். மத்திய அரசின் இந்திப் பாடநூலில்கூட அது வந்தது. அதை விட்டு இப்போது ஆலோசகருக்கு வருகிறேன்.

புறநானூற்றில் செவியறிவுறூஉ என்று ஒரு துறை உண்டு. அரசன் காதில் போட வேண்டியதைப் புலவன் போடுவது. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் வரி பற்றிச் சொன்னது எல்லோருக்கும் தெரிந்தது: அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சின்ன வயல்கூட யானைக்குப் பல நாள் வரும், யானையே வயலில் இறங்கினால் தின்பதைவிட மிதிப்பது அதிகம். பொருளாதார ஆலோசனைதான் இது. ஆனால் இந்தத் துறையும் பரிசில் துறையும் ஒரே சபையில்தான் புழங்குகின்றன என்பதை மறக்கக் கூடாது. அறிவுரை சொல்கிற புலவர் கூட்டத்தில்தான் பரிசிலுக்காகக் காத்திருக்கிறவரும் நிற்கிறார். அதியமான் நேரில் பார்க்காமல் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்தது இன்றைக்கும் நினைக்கப்படுகிறதென்றால், அது அவ்வளவு அபூர்வம் என்பதால்தான்.

சாய்நாத் 2004ல் ‘தி இந்து’வின் ஊரகப் பிரிவு ஆசிரியரானார், 2014 வரை இருந்தார். விதர்பாவில் பருத்தி விவசாயிகள் தற்கொலை பற்றி விடாமல் எழுதினார். 2006 ஜூலையில் பிரதமர் மன்மோகன் சிங் விதர்பாவுக்குப் போனார், 3,750 கோடிக்கு ஒரு நிவாரணத் தொகுப்பு அறிவிக்கப்பட்டது. 2008 பட்ஜெட்டில் 60,000 கோடிக்கு விவசாயக் கடன் தள்ளுபடி வந்தது. இதற்கெல்லாம் ஒரு நிருபர் மட்டும் காரணமென்று சொல்வது அபத்தம். இயக்கங்கள் இருந்தன, தேர்தல் இருந்தது. ஆனாலும் அரசின் காதில் விழுந்த குரல்களில் அவருடையதும் ஒன்று. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான விவசாயிகள் ஆணையம் 2004க்கும் 2006க்கும் இடையில் கொடுத்த அறிக்கைகளைப் பாராளுமன்றத்தில் விவாதிக்க வேண்டுமென்று பல வருஷம் பேசினார். 2018 நவம்பரில் டெல்லிக்கு வந்த விவசாயிகள் பேரணி அதற்கென்றே மூன்று வாரச் சிறப்புக் கூட்டம் கேட்டது. அந்த யோசனையை முன்வைத்தவர்களில் இவர் முக்கியமானவர்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நடைமுறையைப் பற்றி எழுதியவரின் எழுத்தை அரசு எப்படி வாசிக்கிறது? அது ஒரு நிகழ்வாகவே வாசிக்கிறது. பிரதமர் வருகை ஒரு நிகழ்வு, தொகுப்பு ஒரு நிகழ்வு, தள்ளுபடி ஒரு நிகழ்வு. 2008 தள்ளுபடி வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் வாங்கின கடனுக்குத்தான். முழுத் தள்ளுபடி இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்டவர்களுக்குத்தான். வானம் பார்த்த நிலம் கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்த விதர்பாக்காரர் பலர் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றார்கள் என்று சாய்நாத்தே உடனடியாக எழுதினார். தமிழ்நாட்டில் 2006ல் 6,866 கோடி, 2021ல் 12,110 கோடி கூட்டுறவுக் கடன்கள் தள்ளுபடியாயின. நல்ல காரியங்கள்தான், பலருக்கு மூச்சு வந்தது. ஆனால் முதுகுளத்தூர் கமிஷன் கடையின் சிவப்பு அட்டை நோட்டில் இருக்கிற கடனை எந்த பட்ஜெட் தள்ளுபடி பண்ணும்? அந்த நோட்டு அரசின் கண்ணுக்குத் தெரிகிற கணக்கே கிடையாது. எதை 1996 புத்தகம் கண்டுபிடித்ததோ, அதைத்தான் அந்த எழுத்தின் பலனாகச் சொல்லப்படுகிற கொள்கைகள் தொடாமல் போயின. தமிழ்நாட்டின் வறட்சி நிவாரணத் திட்டங்கள் திருத்தப்பட்டதற்கு இவருடைய கட்டுரைகள் காரணமென்று அவரைப் பற்றின அறிமுகக் குறிப்புகளில் வருகிறது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் தரகர் கடையில் சாம்பிள் அள்ளுகிற கை நிற்கவில்லை.

இதை சாய்நாத்தின் தோல்வியாக நான் வாசிக்கவில்லை. அரசுக்கு எண்தான் காது. இதைப் புரிந்துகொண்டுதான் அவர் எண்களுக்குள்ளேயே இறங்கிச் சண்டை போட்டார் என்று தோன்றுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரத்தைச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பொருளாதார அறிஞர் கே. நாகராஜ் பிரித்து ஆராய்ந்தார். அந்த ஆய்வை சாய்நாத் ஊருக்கெல்லாம் கொண்டுபோனார். 1995 தொடங்கி எண்ணினால் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள். 2014 கணக்கில் வகைப்பாட்டையே மாற்றினார்கள். விவசாயி ஒரு பெட்டி, விவசாயக் கூலி வேறு பெட்டி, மற்றவர்கள் இன்னொரு பெட்டி. விவசாயி எண்ணிக்கை காகிதத்தில் குறைந்தது. பட்டா பெண்ணின் பெயரில் இல்லாததால் செத்துப்போன பெண் ‘விவசாயி’ ஆவதில்லை என்பதையும் அவர்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். குமாஸ்தாவின் எழுத்துப் பிழையால் பட்டியலிலிருந்து விழுந்த பழங்குடியும், பட்டா இல்லாததால் கணக்கிலிருந்து விழுந்த பெண்ணும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயம்.

பரிசில் விஷயத்துக்கு வருவோம். 2007ல் மகசேசே விருதை வாங்கிக்கொண்டார். (அந்த விருதே 1957ல் ராக்ஃபெல்லர் குடும்ப நிதியில் ஏற்பட்டது என்று முறைக்கிற தோழர்கள் உண்டு. முறைக்கட்டும்.) 2009ல் பத்மபூஷண் வந்தபோது வேண்டாம் என்றார். எந்த அரசைப் பற்றி எழுதுகிறோமோ அதனிடம் விருது வாங்கக் கூடாது என்பது காரணம். அதே வருஷம் மகாராஷ்டிரத் தேர்தலில் காசு வாங்கிக்கொண்டு செய்தி போட்ட பத்திரிகைகளை அம்பலப்படுத்தினார். தன் தொழிலின் தரகர்களைப் பற்றி எழுதியது என்று இதைச் சொல்லலாம். 2020ல் பத்திரிகைச் சுதந்திரக் குறியீட்டில் இந்தியா ஏன் பின்னால் நிற்கிறது என்று ஆராய மத்திய அரசு அமைத்த குழுவில் அவரையும் போட்டார்கள். போனார். வரைவறிக்கை வந்ததும் செய்தியாளர்கள் மீதான வழக்குகளைச் சுட்டி மாறுபட்ட குறிப்பு எழுதிக் கொடுத்தார். ஆலோசகராக அவர் உருப்படியாகச் செய்த காரியம் அந்த மறுப்புக் குறிப்புதான் என்பது என் அபிப்பிராயம். ஃபூக்கோ 1983ல் பாரிஸில் ஆற்றிய உரைகளில், சிராக்கூஸ் அரசனுக்கு அறிவுரை சொல்லப் போன பிளேட்டோவை ரொம்ப நேரம் பேசுகிறார். உண்மை பேசுகிறவன் அரசவைக்குள் போகும்போது அவன் பேச்சுக்கு என்ன நேர்கிறது என்பது அங்கே முக்கியமான ஒரு கேள்வி. சபைக்குள் போகாமல் இருப்பது சுத்தம், ஆனால் சுலபம். போய் உட்கார்ந்து அந்தக் காகிதத்திலேயே ‘இல்லை’ என்று எழுதுவது வேறு வகை.

2014 டிசம்பர் 20ல் அவர் தொடங்கிய கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் களஞ்சியம், ‘பாரி’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள், இப்போது தமிழிலும் கட்டுரைகள் தருகிறது. பெயர் முல்லைக்குத் தேர் கொடுத்தவனை ஞாபகப்படுத்துவது தற்செயல்தான். அதில் அரசுக்கு ஆலோசனை சொல்கிற தொனி குறைவு, பதிந்து வைக்கிற தொனி அதிகம். முப்பது வருஷ அனுபவத்தில் அவர் காதுகளை மாற்றிக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் அங்கேயும் இங்கிலீஷில் எழுதித் தமிழாக்கப்படுவது நிறைய. எங்கள் ‘தயவு’ போய் வேறு சொல்லாகித் திரும்பி வருகிறது. முதுகுளத்தூர்க்காரர் ஒருவர் கமிஷன் கடை நோட்டைப் பற்றித் தமிழில், உள்ளே இருந்து, யார் யாருக்கு எந்தச் சாதி என்கிற கணக்கோடு எழுத வேண்டியிருக்கிறது. சிறுபத்திரிகை அதைக் கட்டுரை என்று ஏற்றுக்கொண்டு அச்சிட வேண்டியும் இருக்கிறது.

2023ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கலெக்டர் ஆபீஸிலிருந்து கமிஷன் கடை வரைக்கும் சந்தோஷப்பட்டார்கள். அந்த வருஷம் பங்குனியில் எங்களூர்க் காட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் இதைச் சொன்னேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. ‘காட்டுக்காரருக்கே வெல கெடைக்கல. எங்களுக்கென்ன தம்பி, பெட்டிக்கு இத்தனைன்னு கூலி. அதக் கூட்டச் சொல்லி எழுதுவீகளா?’ என்று கேட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டார். அவருக்குப் பட்டாவும் கிடையாது, தரகர் நோட்டிலும் பெயர் கிடையாது.